மஞ்சள் கோடு

ஜூன் இரண்டாம் வாரம். புனே, சஹகார் நகர். நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. நேற்று மாலைதான் முதல் மழை பெய்திருக்கிறது. தளம் காய்ந்துவிட்டது. தொட்டிகளின் அடியில் மட்டும் ஈர வளையம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பர்வதிக் குன்று, உச்சியில் கோயில்.

மண் கொள்ளும் எதுவும் இங்கே தொட்டிதான். பெயின்ட் வாளி. பாதியாக வெட்டிய நீல டிரம். தெர்மாகோல் பெட்டி. ஓரம் பெயர்ந்த சிமென்ட் துளசி மாடம். கறிவேப்பிலை, புதினா, எலுமிச்சை, செம்பருத்தி.

கைப்பிடிச் சுவரின் மேல் ஓர் எறும்பு வரிசை. மழைநீர்க் குழாயை ஒட்டி ஏறி வருகிறது. சுவரின் விளிம்பில் நேராகப் போகிறது. செம்பருத்தித் தொட்டியின் பின்னால் மறைகிறது.

மூன்றாம் மாடிப் பாட்டி படியேறி வருகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குகிறார். கையில் அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கிண்ணம். அதில் மஞ்சள்பொடி. வரிசையின் குறுக்கே ஒரு சிட்டிகை தூவுகிறார். விரலால் இழுத்துக் கோடாக்குகிறார்.

வரிசை நிற்கிறது. முதல் எறும்பு உணர்கொம்பை நீட்டுகிறது. பொடியைத் தொட்டதும் பின்வாங்குகிறது. பின்னால் வருவது அதன் மேல் முட்டுகிறது. கோட்டின் இரு பக்கமும் கூட்டம் சேர்கிறது.

எறும்பு கண்ணை நம்பி நடப்பதில்லை. முன்னால் போனவை வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு வைத்த வாசனைதான் பாதை. மஞ்சள் அந்த வாசனையை மூடுகிறது. பாதை அறுந்த இடத்தில் எறும்புகள் வட்டமடிக்கின்றன.

ஒன்று சுவரின் வெளிப்பக்கம் இறங்குகிறது. விளிம்புக்கு அடியில் தலைகீழாக நடக்கிறது. மஞ்சளுக்கு அப்பால் ஏறுகிறது. அதன் பின்னால் இன்னொன்று. பாட்டி குழாயில் கை கழுவித் திரும்புவதற்குள் வரிசையில் ஒரு வளைவு விழுந்திருக்கிறது.

பாட்டி அடுத்த சிட்டிகையை எடுக்கிறார். வளைவின் குறுக்கே ஒரு கோடு.

*

சுவர் நெடுக முன்பு போட்ட கோடுகள். மஞ்சள் ஒன்று. பழுப்பு ஒன்று; அது இரண்டாம் மாடிக் காக்குவின் பட்டைப்பொடி. சாம்பல் நிறத்தில் ஒன்று. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரிச்சாம்பல் அது. மழையில் கரைந்து, காய்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறும்பு அதன் மேல் ஏறி இறங்குகிறது.

எலுமிச்சைத் தொட்டியில் காபிச் சக்கை. மூன்றாம் மாடியில் தினமும் இரண்டு வேளை டிக்காஷன் இறங்குகிறது. சக்கை அப்படியே மேலே வருகிறது. ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. பூஞ்சணத்தைச் சுற்றிக்கொண்டு எறும்பு போகிறது.

கறிவேப்பிலைக்குப் பெருங்காயத் தண்ணீர். ஊற்றிய நாளில் மாடி முழுக்க வாசனை. அன்று அங்கே எறும்பு இல்லை. மறுநாள் வாசனை இல்லை. எறும்பு இருக்கிறது.

நான்காம் மாடிப் பையன் ஸ்பிரே பாட்டிலில் வினிகரும் தண்ணீரும் கலந்து வருகிறான். சுவரில் அடித்து, துணியால் துடைக்கிறான். வாசனைத் தடம் துடைபட்டுப் போகிறது. சுவர் பளிச்சென்று இருக்கிறது. ஒரு மணி நேரம் சென்று ஓர் எறும்பு தனியாக வருகிறது. வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு நடக்கிறது.

புதினா டிரம்மைச் சுற்றி வெள்ளை வட்டம். கடையில் வாங்கிய எறும்புச் சாக்பீஸ். அதில் பூச்சிமருந்து கலந்திருக்கிறது. வட்டத்தின் ஓரத்தில் செத்த எறும்புகள். வட்டம் போட்ட நாளிலிருந்து அந்தப் புதினாவை யாரும் சட்னிக்குக் கிள்ளவில்லை. டிரம்முக்குள் இருக்கும் எறும்பு உள்ளேயே இருக்கிறது.

துளசி மாடத்தில் துளசி இல்லை. பழுப்புக் குச்சிகள் நிற்கின்றன. வேரடியில் எறும்புப் புற்று கண்ட அன்று ஒரு கெட்டில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றப்பட்டது. எறும்பு செத்தது. வேரும் வெந்தது.

*

காக்கு வறுக்காத ரவையைக் கொண்டுவருகிறார். உலர்ந்த ரவையைத் தின்றால் எறும்பின் வயிற்றில் அது ஊதும், எறும்பு வெடிக்கும். இது காக்குவுக்கு அவருடைய அக்கா சொன்னது. மும்பையில் சொல்கிறார்கள், சென்னையிலும் சொல்கிறார்கள்.

ரவை சுவரில் விழுகிறது. எறும்புகள் பாய்ந்து வருகின்றன. ஆளுக்கொரு பருக்கையைக் கவ்வித் தூக்குகின்றன. ஊர்வலம் குழாயின் வழியே கீழே இறங்குகிறது.

வேலைக்கார எறும்பு திடப்பொருளை விழுங்குவதில்லை. அதன் தொண்டை வடிகட்டி வைத்திருக்கிறது. திரவம்தான் உள்ளே போகும். ரவை கூட்டுக்குப் போகிறது. அங்கே புழுப் பருவத்துக் குஞ்சுகள் அதை அரைத்துக் கரைக்கின்றன. கரைந்த சாறு பெரியவர்களுக்குத் திரும்பி வருகிறது.

காக்கு மாலையில் வந்து பார்க்கிறார். ரவை ஒன்று கூட இல்லை. எறும்பும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு திருப்தியோடு இறங்குகிறார். மறுநாள் காலை வரிசை முன்னைவிடத் தடிப்பாக இருக்கிறது.

*

அடுத்தது அகழி. செம்பருத்தித் தொட்டி மூன்று செங்கல் மேல் ஏறுகிறது. ஒவ்வொரு செங்கலும் ஒரு பிளாஸ்டிக் தட்டில். தட்டில் தண்ணீர். பாட்டி இடுப்பில் கைவைத்து நின்று பார்க்கிறார். எறும்பு தட்டின் விளிம்புவரை வருகிறது. திரும்புகிறது.

செம்பருத்தியின் ஒரு கிளை மட்டும் சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கிறது. நுனி இலை சுவரைத் தொடுகிறது. எறும்பு அந்த இலை வழியாக உள்ளே போகிறது.

வியாழக்கிழமை மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளர் வருகிறார். தோளில் பை, கையில் டார்ச். டெங்கு மாதங்களில் மொட்டை மாடிகளைப் பார்ப்பது அவர் வேலை. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டார்ச்சைத் தட்டில் அடிக்கிறார். ஒன்றும் சொல்லாமல் மூன்று தட்டையும் கவிழ்க்கிறார். பாட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.

*

இதே ஊர், ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பு. ஒரு பங்களா. சாப்பாட்டு அறையை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு சிறு மேசை. மேசையில் பழம், கேக், பாகில் ஊறிய இனிப்பு. தூசி படாமல் ஒரு விரிப்பு. மேசையின் நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில். மேசை சுவரைத் தொடவில்லை. ஓர் அங்குல இடைவெளி.

வீட்டுக்காரர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. பம்பாய் அரசுக்காகத் தக்காணத்தின் மக்களையும் நிலத்தையும் விளைச்சலையும் கணக்கெடுப்பவர். கணக்கெடுக்கப் போகும் வழியில் பறவை, மீன், பூச்சி எதையும் விடுவதில்லை.

முதலில் எறும்புகள் தண்ணீரில் இறங்குவதில்லை. கிண்ணத்து விளிம்புக்கும் மேசைக் காலுக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை அங்குலம். சில நாள் கழித்து இறங்குகின்றன. தத்தளித்துக் கடக்கின்றன. காலையில் இனிப்பின் மேல் நூற்றுக்கணக்கில் மொய்க்கின்றன. தினமும் கொல்கிறார்கள். கூட்டம் குறைவதில்லை.

டர்பன்டைன் வருகிறது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு காலிலும் ஒரு வளையம் பூசுகிறார்கள். சில நாள் இனிப்பு தப்புகிறது. பிறகு மறுபடியும் எறும்பு. தண்ணீர் இருக்கிறது, டர்பன்டைன் இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் சைக்ஸ் அந்த மேசையைக் கடந்து போகிறார். சுவரிலிருந்து ஓர் எறும்பு விழுகிறது. மேசைக்கு ஓர் அடி மேலேயிருந்து, நேராக விரிப்பின் மேல். இன்னொன்று. அதற்குப் பின் இன்னொன்று. சுவரில் வேண்டிய உயரம் ஏறி, லேசாக உந்தி, அந்த ஓர் அங்குலத்தைக் காற்றில் கடக்கின்றன.

1835இல் லண்டன் பூச்சியியல் சங்கத்தின் ஏட்டில் புனே எறும்பு அச்சேறுகிறது. 1882இல் விலங்குகளின் அறிவைப் பற்றி நூல் எழுதும் ஜார்ஜ் ரோமனெஸ் இந்த மேசையை எடுத்துக்காட்டுகிறார். மருந்துகளின் பட்டியலுக்காக அல்ல. சுவரிலிருந்து எறும்பு குதித்த அந்தக் கணத்துக்காக.

சைக்ஸின் காலை நடையிலும் எறும்பு உண்டு. 1829 ஜூன். புனேயில் படை அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் தரிசு நிலம். மழை தொடங்கி, முதல் வெயில் அடித்திருக்கிறது. தரையில் சிறு சிறு குவியல்கள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. குனிகிறார். எல்லாம் புல்விதை. எறும்புகள் நிலத்தடியிலிருந்து ஒவ்வொரு விதையாகத் தூக்கிவந்து வெயிலில் போடுகின்றன. நனைந்த சேமிப்பைக் காயவைக்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில், கடைசி இடிமழை ஓய்ந்த பிறகும் அதே காட்சி.

வட ஐரோப்பாவின் எறும்புகள் விதை சேர்ப்பதில்லை. ஆகவே எறும்பின் களஞ்சியம் என்பது பழங்கதை என்று அங்கே பல அறிஞர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. புனேயின் தரிசு நிலத்தில் அந்தப் பழங்கதை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

*

சனிக்கிழமை. மூன்றாம் மாடி வாசல். பாட்டி கோலம் போடுகிறார். அரிசி மாவு. புள்ளி வைத்து, வளைத்து, சேர்க்கிறார். எதிர் வீட்டு வாசலில் ரங்கோலி. அது வெள்ளைக் கல்பொடி.

பத்து மணிக்குக் கோலத்தின் ஓரத்தில் எறும்பு வருகிறது. சின்னக் கறுப்பு எறும்பு. மாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படியின் விரிசலுக்குப் போகிறது. வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தோடு நெருங்குகிறாள். பாட்டி கையைக் காட்டி நிறுத்துகிறார். பிள்ளையார் எறும்பு. கடிக்காது. வேலைக்காரப் பெண் தலையசைத்துக் கோலத்தைச் சுற்றிக்கொண்டு பெருக்குகிறாள். அவள் வீட்டில் மரத்தடி எறும்புக்குச் சர்க்கரை போடுகிறார்கள்.

பாட்டி எழுந்து, கையில் ஒட்டிய மாவைத் தட்டுகிறார். சமையலறைக்குப் போகிறார். மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறார்.

மாடியில் பேத்தி குப்புறப் படுத்திருக்கிறாள். பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. முகம் சுவரின் அடியில் போகும் கிளை வரிசைக்கு ஒரு சாண் தூரத்தில்.

“பாட்டி, போகிற எறும்பெல்லாம் ஒல்லி. வருகிறதெல்லாம் குண்டு.”

“எழுந்திரு. கடிச்சு வைக்கும்.”

பேத்தி எழுந்திருக்கவில்லை. செம்பருத்திப் பக்கம் போகும் எறும்பின் வயிறு ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து திரும்பும் எறும்பின் வயிறு விம்மியிருக்கிறது. தோல் இழுபட்டு, வெயில் பட்டால் உள்ளே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே மஞ்சள் கோடு விழுகிறது.

*

ஞாயிறு காலை மாலி, தோட்டக்காரர், வருகிறார். வெள்ளைக் குல்லா, மடித்துவிட்ட பைஜாமா, சைக்கிள் கேரியரில் கட்டிய சாக்கு. சாக்கில் வேப்பம்புண்ணாக்கு, கத்தரி, ஒரு பழைய டூத்பிரஷ்.

“வா தாதா” என்கிறார் பாட்டி. பாட்டிக்கு எல்லா வேலைக்காரரும் தாதா. மாலிக்குப் பாட்டி ஆஜி.

பாட்டி சுவரைக் காட்டுகிறார். மஞ்சள், பட்டை, சாம்பல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மாலி கேட்டுக்கொண்டே செம்பருத்தியிடம் போகிறார். வரிசை மறையும் இடத்தைப் பார்க்கிறார். தண்டைப் பார்க்கிறார். கண் தண்டோடு மேலே ஏறுகிறது. ஒரு நுனிக் கொழுந்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிறார்.

இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு. கணுவில் பஞ்சு. மொட்டின் காம்பில் பஞ்சு. கீழ் இலைகளின் மேல் கறுப்புப் படிவம், விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது.

“பார் ஆஜி” என்கிறார்.

பாட்டி கண்ணாடியை மூக்கில் இறக்குகிறார். பேத்தி நடுவில் புகுந்து தலையை நீட்டுகிறாள்.

பஞ்சுக்குள் மாவுப்பூச்சி. ஊசி வாயைக் கொழுந்தில் இறக்கி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதம் குறைவு. வேண்டிய புரதம் கிடைக்கும்வரை பூச்சி குடித்துக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய சர்க்கரை பின்புறம் சொட்டாக வெளியே வருகிறது. எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டுகிறது. சொட்டு வருகிறது. எறும்பு குடிக்கிறது. அடுத்த பூச்சியிடம் நகர்கிறது. இலையில் சிந்திய சொட்டில்தான் கரும்பூசணம்.

ஒரு பொறிவண்டு பறந்துவந்து கொழுந்தில் உட்காருகிறது. இரண்டு எறும்புகள் ஓடிவருகின்றன. பொறிவண்டு பறந்துவிடுகிறது. மாவுப்பூச்சி அதன் இரை. எறும்பு அதை நெருங்க விடுவதில்லை. மாவுப்பூச்சிக்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. 2008இல் கோயம்புத்தூர் வட்டாரத்துப் பப்பாளிகளில் ஒரு புது மாவுப்பூச்சி தோன்றி, மல்பெரியும் மரவள்ளியும் வெளுத்தபோது, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு குளவி 2010இல் வந்தது. மருந்து தோற்ற இடத்தில் குளவி வேலை செய்தது.

மாலி குளவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியை எடுக்கிறார்.

மோசமான நுனிகள் விழுகின்றன. விழுந்தவற்றைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறார். குப்பைக் குவியலில் போட்டால் பூச்சி அடுத்த செடிக்கு நடந்துவரும். சுவரைத் தொடும் கிளையும் போகிறது. ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, இலைகளின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். பஞ்சு கரைந்து ஓடுகிறது. கணுக்களில் ஒட்டியதை டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறார். பேத்தி இன்னொரு பிரஷ்ஷைக் கொண்டுவருகிறாள். அது நேற்றுவரை பாத்திரம் தேய்க்கும் இடத்தில் இருந்தது.

தொட்டி சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நகர்கிறது. தண்டில் அகலமான டேப் சுற்றி, அதன் மேல் கிரீஸ்.

மாலையில் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி. எண்ணெய் தண்ணீரோடு சேராது. ஆகவே முதலில் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயிலில் அடித்தால் இலை கருகும், ஆகவே மாலை. மாலி வாளியில் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்கிறார். பாலாக வெளுக்கும்வரை கலக்குகிறார். இலையின் மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்தில் அதிகம் அடிக்கிறார்.

சுவரில் போகும் வரிசையை அவர் தொடவில்லை. குழாயடிப் புற்றையும் தொடவில்லை.

புதினா டிரம் வேறு கதை. அதன் மண் காய்ந்து கிடக்கிறது. உள்ளே செவ்வெறும்பு குடியிருக்கிறது. பாட்டியின் மகன் போரிக் பவுடரும் சர்க்கரையும் வாங்கி வைத்திருக்கிறார். மாலி பொட்டலத்தைத் திருப்பித் தருகிறார். அது வேலை செய்யும். சர்க்கரைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்குதான் சேர்க்க வேண்டும், அதிகமானால் எறும்பு கூட்டுக்குப் போகுமுன் வழியிலேயே சாகும். ஆனால் மாடிக்கு அணில் வருகிறது. கீழ்வீட்டுக் குழந்தை தவழ்கிறது.

டிரம்மின் வடிதுளைகளைத் துணியால் அடைக்கிறார். தண்ணீர் விடுகிறார். மண் மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கும்வரை விடுகிறார். விளிம்பிலிருந்து ஒரு குச்சியைச் சாய்க்கிறார். குச்சியின் மறுமுனை காய்ந்த மண் நிரம்பிய ஒரு பழைய பூந்தொட்டியில்.

முதலில் குமிழிகள். பிறகு செவ்வெறும்புகள் புதினாத் தண்டுகளில் ஏறுகின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒன்று. பாட்டி அதை முட்டை என்கிறார். அது கூட்டுப்புழு, கால்கள் மடங்கி உறங்கும் நாளைய எறும்பு. தண்டிலிருந்து விளிம்பு. விளிம்பிலிருந்து குச்சி. ஒன்று குச்சியின் பாதியில் நிற்கிறது, திரும்புகிறது, மறுபடியும் வருகிறது. பிறகு மூன்று. பிறகு குச்சி சிவக்கிறது.

அரை மணி நேரம் கழித்து மாலி அந்தப் பூந்தொட்டியைச் சாக்கில் வைத்துத் தூக்குகிறார். நான்கு மாடி இறங்குகிறார். வழியில் இருமுறை கையை உதறுகிறார். காம்பவுண்டுக்கு வெளியே குல்மோஹர் மரத்தடியில் தொட்டியைக் கவிழ்க்கிறார்.

*

அடுத்த ஞாயிறு. சுவரில் வரிசை நூலாக இளைத்திருக்கிறது. அங்கங்கே சில எறும்புகள் தனியாக அலைகின்றன. செம்பருத்தியின் வெட்டிய நுனிகளில் புதுக் கொழுந்து. இரண்டு கணுக்களில் மறுபடியும் பஞ்சு. மெழுகுப் பைக்குள் தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கின்றன. மாலி எதிர்பார்த்தவர் போல டூத்பிரஷ்ஷை எடுக்கிறார். இன்னும் இரண்டு வாரமாவது தேய்க்க வேண்டும்.

காக்கு மேலே வருகிறார். கையில் பட்டைப்பொடி டப்பா. எறும்பு இப்போது குழாயிலிருந்து திரும்பி அவருடைய பால்கனிக்குள் நுழைகிறதாம்.

“காக்கு, பால்கனியில் என்ன செடி?” என்கிறாள் பேத்தி மராத்தியில்.

“கொய்யா. டிரம்மில்.”

பேத்தி பாட்டியைப் பார்க்கிறாள். பாட்டி மாலியைப் பார்க்கிறார். மாலி தெளிப்பானைக் குலுக்குகிறார். இன்று கலந்த வேப்பெண்ணெய்க் கலவை பாதி மீதம் இருக்கிறது. கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். பேத்தி டூத்பிரஷ்ஷோடு முன்னால் ஓடுகிறாள்.